டி.வி.யில் துப்பாக்கிப் பட்டறை! வாலிபர் கையில் விலங்கு!

(அம்பத்தூரில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



துப்பாக்கி செய்வதை ஒரு குடும்பக் கதை போல டி.வி.யில் காட்டலாமா என்று யாரும் நம்மிடம் கேட்கவில்லை. கேட்காமலேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் எடுத்தார்கள், உலகம் முழுக்க விற்றார்கள், காசு பார்த்தார்கள். அந்தத் தொடர்கள் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவற்றின் துண்டுகளும், அவற்றைப் பார்த்து மற்றவர்கள் எடுத்த படங்களும் இன்று உங்கள் பிள்ளையின் செல்போனில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்!

இதை ஏன் அம்பத்தூரில் வந்து பேச வேண்டும் என்று கேட்கலாம். இங்குதான் பேச வேண்டும். இது இரும்போடு பழகிய ஊர். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், மில்லிங் மெஷினில் நிற்கிறவன், ஆவடி டாங்க் ஃபேக்டரிக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற முதலாளி, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற மாணவன், எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். மற்ற ஊரில் ஒருவன் அந்தக் காட்சியைப் பார்த்தால் வாயைப் பிளந்து பார்ப்பான், அவ்வளவுதான். இங்கே இருப்பவன் பார்த்தால், "இது நம்மாலும் முடியுமே!" என்று நினைப்பான். அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது.

சிரித்துச் சிரித்துச் செய்த துப்பாக்கிகள்

டிஸ்கவரி சேனல் 2011ஆம் ஆண்டு ஜனவரியில் 'சன்ஸ் ஆஃப் கன்ஸ்' என்றொரு தொடரை ஆரம்பித்தது. லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் என்ற ஊர். அங்கே 'ரெட் ஜாக்கெட்' என்ற துப்பாக்கிப் பட்டறை. முதலாளி வில் ஹேடன். அப்பாவும் மகளும் வேலையாட்களும் சேர்ந்து துப்பாக்கி செய்வார்கள். ஒரு வாடிக்கையாளர் வருவார், விசித்திரமாக ஏதாவது கேட்பார். கெடு நெருங்கும். வேலையாள் தப்பு செய்வான், முதலாளி கத்துவார், மகள் சமாதானம் செய்வாள். கடைசியில் எல்லோரும் மைதானத்துக்குப் போய்ச் சுடுவார்கள். ஏதாவது வெடித்துச் சிதறும். கை தட்டிச் சிரிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

அதே ஆண்டு அக்டோபரில் அதே சேனல் 'அமெரிக்கன் கன்ஸ்' என்று இன்னொரு தொடரையும் இறக்கியது. கொலராடோ மாநிலத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. கணவன், மனைவி, மகன், மகள் நால்வரும் வியாபாரத்தில். பழைய துப்பாக்கியை விலை பேசி வாங்குவார்கள், மெருகேற்றுவார்கள், விற்பார்கள். நம்ம ஊரில் பாத்திரக் கடை நடத்துகிற குடும்பத்தைக் காட்டுவது போல அவ்வளவு இயல்பாகக் காட்டினார்கள்.

சகோதரர்களே! இந்த இரண்டு 'உண்மை' நிகழ்ச்சிகளின் உண்மையான முடிவு என்ன தெரியுமா? அந்த முடிவை எந்தச் சேனலும் தொடராக எடுக்கவில்லை.

2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூடவுன் நகரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வாலிபன் துப்பாக்கியோடு நுழைந்தான். 20 பச்சிளம் குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். சில நாட்களில் டிஸ்கவரி ஓர் அறிவிப்புச் செய்தது. 'அமெரிக்கன் கன்ஸ்' இனிமேல் கிடையாது, மறு ஒளிபரப்பும் கிடையாது! அப்படியானால் அதுவரை காட்டியது சரிதானா? குழந்தைகளின் சவப்பெட்டிகள் வரிசையாக வந்த பிறகுதான் ஒரு சேனலுக்குக் கூச்சம் வர வேண்டுமா?

அந்தக் கடையின் முதலாளி ரிச் வயட்டின் கதையை வியாபாரிகள் குறிப்பாகக் கேட்க வேண்டும். 2012ஆம் ஆண்டே அவர் கையில் இருந்த துப்பாக்கி விற்பனை லைசென்ஸ் போய்விட்டது. ஆனாலும் வேறு பெயரில் இருந்த லைசென்ஸைக் காட்டி வியாபாரத்தை ஓட்டினார். 2017ல் அமெரிக்க நீதிமன்றம் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் விற்றது, வரி ஏய்த்தது ஆகிய குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது. 2018ல் 78 மாதச் சிறைத் தண்டனை. டி.வி.யில் நேர்மையான குடும்பத் தலைவராக, நல்ல வியாபாரியாக ஊருக்கெல்லாம் காட்டப்பட்ட மனிதர் இவர். பினாமி லைசென்ஸில் கடை நடத்துவது நம் பகுதிக்கும் புதிதல்ல என்பதால் இதைச் சொல்கிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள்.

மற்றவர், வில் ஹேடன். 2014ல் சிறுமி மீதான பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டில் கைதானார். சேனல் தொடரை நிறுத்தியது. 2017ல் ஆயுள் தண்டனை பெற்றார். பாசமுள்ள தந்தையாக மூன்று வருடங்களுக்கு மேல் உலகத்துக்கு விற்கப்பட்ட முகம் அது. 'ரியாலிட்டி' என்ற ஆங்கில வார்த்தைக்கு உண்மை நிலை என்று பொருள் சொல்கிறார்கள். அந்த வீட்டின் உண்மை நிலையைக் கேமரா பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

அவர்கள் செய்தால் கலை, இவர்கள் செய்தால் பயங்கரமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்று ஓர் ஊர். அங்கே நூறு வருடங்களுக்கு மேலாகக் கைப் பட்டறைகளில் துப்பாக்கி செய்கிறார்கள். எந்த நாட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் அதைப் பார்த்து அப்படியே நகல் எடுத்துவிடுவார்கள். மேலைநாட்டுக் கேமராக்கள் அங்கேயும் போயின. வைஸ் நிறுவனத்தின் படம் உட்படப் பல படங்கள் வந்தன. அங்கே போனால் மட்டும் பின்னணி இசை மாறிவிடும்! உலகத்திலேயே ஆபத்தான இடம் என்பார்கள், தாடியைக் காட்டுவார்கள், குழந்தை கையில் இருக்கும் தோட்டாவைக் காட்டுவார்கள். பேட்டன் ரூஜில் செய்தால் கைவினைக் கலை, தர்ராவில் செய்தால் பயங்கரவாதத்தின் ஊற்று! இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். இரண்டு இடத்துத் துப்பாக்கியும் மனிதனைத்தான் கொல்கிறது. தர்ராவில் நடப்பது நல்லது என்று நான் வாதிக்க வரவில்லை. அளவுகோல் ஏன் இரண்டு என்றுதான் கேட்கிறேன்.

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அஹ்மத் முஹம்மத் என்ற 14 வயது மாணவன், தன் கையால் ஒரு கடிகாரம் செய்து ஆசிரியரிடம் காட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனான். வெடிகுண்டு போல இருக்கிறது என்றார்கள். போலீஸ் வந்தது, கையில் விலங்கு மாட்டியது. பள்ளிக்கூடம் அவனை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தது. பிறகு வழக்கு ஏதும் இல்லை என்று விட்டார்கள், ஜனாதிபதி ஒபாமா வெள்ளை மாளிகைக்கு வரச் சொன்னார், அதெல்லாம் பின்கதை. துப்பாக்கி செய்தவருக்கு டி.வி. தொடர், கடிகாரம் செய்த பிள்ளைக்கு விலங்கு! அந்தப் பட்டறைத் தொடரைப் பார்த்து நாமும் ஏதாவது செய்து பார்க்கலாமே என்று நினைக்கிற நம் வீட்டு வாலிபன், இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஓமலூரில் நடந்தது

"அமெரிக்கா கதை நமக்கு எதற்கு?" என்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. 2022 மே மாதம், சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனை. இரண்டு வாலிபர்கள் பைக்கில் வந்தார்கள். பையில் துப்பாக்கி. விசாரித்தால், செட்டிச்சாவடியில் வீடு வாடகைக்கு எடுத்து அங்கேயே துப்பாக்கி செய்து கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கே கற்றார்கள்? யூடியூப் பார்த்து என்றது போலீஸ். குருவும் இல்லை, பட்டறையில் எடுபிடியாக நின்ற அனுபவமும் இல்லை. இருவரும் படித்த பிள்ளைகள். வழக்கு என்.ஐ.ஏ. கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் அதே வழக்குக்காகப் பல ஊர்களில், யூடியூப் நடத்துகிறவர் வீடு உட்பட, சோதனை நடந்தது. இரண்டு பையன்கள் வீடியோ பார்த்ததில் ஆரம்பித்த விவகாரம் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியது பாருங்கள்.

அந்த இருவரும் முஸ்லிம்கள் அல்ல. அதனால்தான் தமிழ்நாடு அந்தச் செய்தியைச் சில நாட்களில் மறந்துவிட்டது. அந்த இரண்டு பெயர்களும் நம் பெயர்களாக இருந்திருந்தால்? அந்த வாடகை வீடு சேலத்தில் இல்லாமல் நம் தெருவில் இருந்திருந்தால்? டி.வி.க்களில் எத்தனை நாள் விவாதம் நடந்திருக்கும், எத்தனை பள்ளிவாசல் வாசலில் கேமரா நின்றிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. என்.ஐ.ஏ. வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் எங்கே இருக்கிறது? இதோ பக்கத்தில், பூந்தமல்லியில். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் ஒரே நாளில் மரண தண்டனை அறிவிக்கப்பட்டதும் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான். அந்த வாசலில் உம்மாமார்கள் டிபன் கேரியரோடு காத்துக் கிடந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஜப்பானைப் போலத் துப்பாக்கிக்குக் கெடுபிடியான நாடு உலகத்தில் அதிகம் இல்லை. அங்கே 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபே நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது கடையில் வாங்கிய துப்பாக்கியால் அல்ல, வீட்டில் செய்ததால். இணைய வீடியோ பார்த்துச் செய்ததாக விசாரணையில் சொன்னான் என்று அந்நாட்டுச் செய்திகள் கூறின.

நம் பகுதிக்கே வருகிறேன். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்த நாள் விழா. அரிவாளால் கேக் வெட்டினார்கள். போலீஸ் சுற்றி வளைத்து 70க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அரிவாளால் கேக் வெட்டும் அந்த வீடியோ நாடு முழுக்க ஓடியது. அதற்குப் பிறகாவது இந்த மோகம் நின்றதா? இல்லை. பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டுக் கைதாகிற பிள்ளைகளின் செய்தி இன்றும் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அதுவரை எந்தக் கேஸும் கிடையாது. ஒரு 'லைக்'குக்காக ஸ்டேஷன் ரெஜிஸ்தரில் பெயர் ஏறுகிறது.

டி.வி. காட்டாத வேலை

துப்பாக்கித் தொழிலையே நான் இழிவாகப் பேசுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் முன்னோர்களின் கையில் இருந்த தொழில்தான் அது. 18ஆம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை முங்கேருக்கு மாற்றியபோது அங்கே ஆயுதத் தொழிற்சாலை வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் பட்டறைகளில் புலி முகம் பொறித்துச் செய்த துப்பாக்கிகள் 2015ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். இந்தப் பூந்தமல்லி சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூர் வரும். 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பாய்ந்தன. கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை அழிந்தது. பின்னாளில் நாசா மையம் ஒன்றுக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்பறைச் சுவரில் திப்புவின் ராக்கெட் படை ஓவியத்தைப் பார்த்து வியந்ததை எழுதியிருக்கிறார். ராமேஸ்வரத்துப் பிள்ளை! குரோம்பேட்டையில் முறையாகப் படித்து, அரசு நிறுவனத்தில் சேர்ந்து, ஏவுகணை செய்தார். யாரும் அவர் கையில் விலங்கு மாட்டவில்லை.

உங்களுக்கு எதிரேயே ஆவடி இருக்கிறது. இந்தியாவில் செய்த முதல் டாங்க் 'விஜயந்தா' 1965ல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. பிறகு டி-72, அர்ஜுன், டி-90. அர்ஜுனை வடிவமைத்த ஆராய்ச்சி நிலையமும் ஆவடியில்தான். ராணுவ, போலீஸ் ரைஃபிள்கள் செய்யும் தொழிற்சாலை திருச்சியில் 1960களிலிருந்து நடக்கிறது. 2021 அக்டோபரில் இந்தத் தொழிற்சாலைகளையெல்லாம் பிரித்து ஏழு அரசுக் கம்பெனிகள் ஆக்கிவிட்டார்கள். டாங்க் கம்பெனியின் தலைமையகம் ஆவடி.

அங்கே வேலை பார்த்து ரிட்டையரான பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு பார்ட் வெளியே போவதற்கு முன் எத்தனை முறை கேஜ் வைத்துப் பார்ப்பார்கள்? எத்தனை கையெழுத்து? ஒரு மயிரிழை கூடிப் போனால் ஸ்கிராப்! டி.வி.யில் இது வருமா? வராது. ஏனென்றால் இதில் சிரிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. உங்கள் பைக் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்று இருக்கிறது. அது வெடித்தாலே தெரு திரும்பிப் பார்க்கும். ராணுவ ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் நொடியில் உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அளவில்! அதனால்தான் முறையான தொழிற்சாலையில் வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவைப் போட்டு, ஆள் தள்ளி நின்று சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். பைப்பை வெட்டி வீட்டில் செய்தவனுக்கு அந்தச் சோதனையைச் செய்வது அவனுடைய சொந்தக் கைதான்.

ஒரு நல்ல ஆயுதக் கொல்லன் தன் வேலையைப் பற்றி எப்படி நினைத்தான் தெரியுமா? ஏ.கே.47ஐ உருவாக்கிய ரஷ்யாவின் கலாஷ்னிகோவ், புல் வெட்டும் இயந்திரம் போல விவசாயிக்குப் பயன்படும் ஒன்றைச் செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று 2002ல் சொன்னார். 2013ல் இறந்தார். அதற்கு முன் தன் மதத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்: என் துப்பாக்கி பறித்த உயிர்களுக்கு நானும் பொறுப்பாளியா என்ற கேள்வி தாங்க முடியாத வேதனையாக இருக்கிறது என்று. 90 வயதைத் தாண்டிய கிழவரின் இந்த வேதனையை எந்தப் பட்டறைத் தொடரிலாவது பார்த்தீர்களா? அமெரிக்காவில் 2021 என்ற ஒரே வருடத்தில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர் என்கிறது அந்த அரசின் கணக்கு. அதில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டு அலமாரியில் இருந்த துப்பாக்கி, வீட்டுக்காரனையே தின்றது!

நம் மார்க்கம் இதில் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது! விளையாட்டுக்குக் கூட சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அம்போடு பள்ளிவாசலுக்கோ கடைத்தெருவுக்கோ வருகிறவர், யாருக்கும் கீறல் படாதபடி அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். கடைத்தெருவைப் பெயர் சொல்லிச் சொன்னார்கள் வியாபாரிகளே!

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 5ஆம் பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல. விற்பதும், ரிப்பேர் பார்ப்பதும், சோதித்துப் பார்ப்பதும் குற்றம். பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக மாற்றினால் 6ஆம் பிரிவு. 21 வயது ஆகாதவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. 2019ல் திருத்தம் கொண்டு வந்து தண்டனையைக் கூட்டிவிட்டார்கள். கள்ளத்தனமாகச் செய்தாலோ விற்றாலோ குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். வடநாட்டில் கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்களே, அதற்கும் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பட்டறை முதலாளிகள் இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் முழுத் துப்பாக்கி மட்டுமல்ல. அதன் பாகங்களும், அதைச் செய்கிற இயந்திரமும் அந்த வார்த்தைக்குள் அடக்கம். ஆகவே டிராயிங் கொண்டு வருகிறவன் யார், கம்பெனி எது, ஜி.எஸ்.டி. பில் உண்டா, இந்தப் பார்ட் எதில் போய்ப் பொருந்துகிறது என்று கேளுங்கள். "சும்மா ஒரு ட்யூப், கேஷ் தர்றேன், பில் வேண்டாம் பாய்" என்று வருகிறவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், வேலையை எடுக்காதீர்கள். ராத்திரி ஷிப்டில் பையன்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற முதலாளிகள், காலையில் வந்து ஸ்கிராப் தொட்டியை ஒரு முறை கிளறிப் பார்ப்பது நல்லது.

வாலிபர்களே! இந்த வேலையில் உங்களுக்கு நிஜமாகவே ஆசை இருந்தால் அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மெஷினிஸ்ட், டர்னர், ஃபிட்டர் முடித்து ஆவடி தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். நம் பிள்ளைகள் விண்ணப்பமே போடாமல் வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பதுதான் இங்கே நடக்கிறது. துப்பாக்கி வீடியோ குரூப்பில் வந்தால் அதை அடுத்தவனுக்குத் தள்ளாதீர்கள், அழித்துவிடுங்கள். ஓமலூர் வழக்கைப் போல ஒன்று எங்காவது வெடித்தால், அதன் பிறகு போலீஸ் எடுத்துப் பார்ப்பது செல்போனைத்தான்.

கடைசியாக, பல வீடுகளில் இருக்கிற ஒரு விஷயம். வாப்பாவோ பாட்டனாரோ அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி பரணில் கிடக்கும். அவர் மவுத்தாகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. அந்தத் துப்பாக்கி இப்போது உங்கள் வீட்டில் சட்டவிரோதமாக இருக்கிறது. ஞாபகார்த்தம் என்று சொன்னால் நீதிமன்றம் கேட்காது. சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அதை உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கலாம். ஒரு வக்கீலையும் ஜமாஅத் நிர்வாகி ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு, பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் அங்கேயே விண்ணப்பத்துக்கு வழி கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள்.